தோட்டத்து வரலாற்றுக்கு மானியம் கேட்பது எப்படி?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். தோட்டம் கைமாறி, ரப்பரை அழித்துச் செம்பனை போட்டார்கள். அப்புறம் ஒரு பகுதி தாமானாகிவிட்டது (புதுக் குடியிருப்புப் பகுதி). நாங்கள் குடியிருந்த லயங்கள் போய்விட்டன. பழைய கிராணி (தோட்டத்துக் குமாஸ்தா) வீடும் கோயிலும் மட்டும் நிற்கின்றன. ஆட்கள் ஈப்போ, கிள்ளான், ஜொகூர் என்று சிதறிவிட்டாலும் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஒன்றாக இருக்கிறோம். தோட்ட வரலாற்றைப் புத்தகமாகப் போட்டு, கிராணி வீட்டைக் காட்சியகமாக்க இரண்டு லட்சம் ரிங்கிட் கேட்டு ஓர் அறவாரியத்துக்கு மனு செய்தோம். நிராகரித்துவிட்டார்கள், காரணம் சொல்லவில்லை. மனுவின் பிரதியை இணைத்திருக்கிறேன். மலேசிய இந்தியர் உருமாற்றப் பிரிவான மித்ராவிடம் கேட்கலாமா? வேறு யார் தருவார்கள்? தோட்டம் மூடியபோது ஆபீசிலிருந்து அப்பா எடுத்து வந்த செக்ரோல் (ஆட்களின் வேலை நாளும் சம்பளமும் குறிக்கும் பதிவேடு) புத்தகங்களும் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய வீட்டில் கிடக்கின்றன. ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புகிறேன், அது எதற்காவது பயன்படுமா என்றும் சொல்லுங்கள்.
– ஒரு தோட்டத்து மகள், பேராக்

பதில்: சகோதரி, கடைசியில் போகிற போக்கில் சொன்னீர்களே அந்த டிரங்குப் பெட்டி, அதிலிருந்தே தொடங்குகிறேன். ஏனென்றால் உங்கள் மனுவில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 1948 ஜூன் 16-ஆம் தேதி எல்பில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலும் வெள்ளைக்காரத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டது இருக்கிறது, அதைத் தொடர்ந்து அவசரகாலம் வந்தது இருக்கிறது, துன் சம்பந்தன் உங்கள் ஊர்க்காரர் என்பது இருக்கிறது, 1960-இல் அவர் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது இருக்கிறது. எல்லாம் உண்மை, எல்லாம் பெருமைக்குரியது. ஆனால் மானியக் குழுவில் உட்கார்ந்திருப்பவர் இதையெல்லாம் ஏற்கெனவே படித்தவர். சுங்கை சிப்புட் என்ற பெயரைப் பார்த்ததுமே அடுத்த இரண்டு பக்கத்தில் என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். அந்த மூன்று கொலைகளுக்குப் பிறகு உங்கள் லயத்தில் என்ன நடந்தது என்பதுதான் அவருக்குத் தெரியாது. லயங்களை ஒன்றாகச் சேர்த்து முள்வேலி போட்டார்கள், ஊரடங்கு வந்தது, அரிசிக்குக் கட்டுப்பாடு வந்தது, காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்குச் சோறு போய்விடும் என்று ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களை வாசலில் நிறுத்திச் சோதித்தார்கள். உங்கள் தோட்டத்தில் அந்த வேலி எங்கே ஓடியது, யார் வீடு உள்ளே வந்தது, யாருடைய காய்கறித் தோட்டம் வெளியே போனது, பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுப்பதற்கு) எத்தனை மணிக்குக் கதவைத் திறந்தார்கள்? இதை அன்று பார்த்த பிள்ளைகள் இன்று உயிரோடு இருக்கிறார்கள். 1948-இல் பத்து வயது என்றால் இப்போது தொண்ணூறை நெருங்குகிறார்கள். மனுவின் முதல் பக்கத்தில் வர வேண்டிய செய்தி இது. மானியம் கொடுப்பவர்கள் முதலில் கேட்கும் கேள்வியே ‘ஏன் இப்போது?’ என்பதுதான், உங்களுக்கு அதற்குப் பதில் கையிலேயே இருக்கிறது.

நீங்கள் அனுப்பிய செக்ரோல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது ஓரத்தில் எண், அடுத்து பெயர், மேலே கங்காணியின் பெயர், பிறகு மாதம் முழுவதற்கும் சின்னச் சின்னக் கட்டங்கள். வந்த நாளுக்கு ஒரு கோடு, அரைநாளுக்குப் பாதிக் கோடு. வலது பக்கம் முன்பணம், அரிசி என்று பிடித்தம். ஒன்பதாவது வரியில் ஒரு பெண்ணின் பெயருக்கு நேரே 12-ஆம் தேதியிலிருந்து கட்டங்கள் காலி, ஓரத்தில் பென்சிலால் பிரசவம் என்று கிராணி ஆங்கிலத்தில் குறித்திருக்கிறார். அன்று பிறந்த பிள்ளை உங்கள் புலனக் குழுவிலேயே இருக்கலாம்! தேசிய வரலாறு எழுதுகிறவர்களிடம் தோட்டத் தொழிலாளர்கள் எண்ணிக்கையாகத்தான் வருகிறார்கள். உங்கள் பெட்டியில் அவர்கள் பெயரோடு, எத்தனை நாள் வேலை செய்தார்கள், கையில் எவ்வளவு வாங்கினார்கள் என்பதோடு இருக்கிறார்கள். இது பயன்படுமா என்று கேட்கிறீர்கள். சகோதரி, உங்கள் திட்டமே இதுதான்.

அதற்கு முன் ஒரு சங்கடமான விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். அந்தப் புத்தகங்கள் சட்டப்படி தோட்டக் கம்பெனிக்குச் சொந்தம். குப்பைக்குப் போக இருந்ததை உங்கள் அப்பா காப்பாற்றினார், அவருக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் ஆவணக் காப்பகமோ வெளிநாட்டு மானியமோ, ‘இதை மின்படியாக்கி வெளியிட உங்களுக்கு உரிமை உண்டா?’ என்று கட்டாயம் கேட்கும். கம்பெனி கைமாறியிருந்தால் இப்போதைய நிறுவனத்துக்கு எழுதி, இந்தப் பழைய பதிவேடுகளைச் சமூகத்தின் பாதுகாப்பில் வைக்கவும் படியெடுக்கவும் தங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று ஒரு கடிதம் வாங்குங்கள். பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள், ஏனென்றால் அவர்களுக்கு அது வேண்டாத காகிதம். மனுவோடு அந்தக் கடிதம் இருந்தால் உங்கள் கை ஓங்கும்.

பெட்டியை இப்போதைக்கு சிமெண்டுத் தரையிலிருந்து தூக்கி ஒரு மேசை மேல் வையுங்கள். கரையான் இருக்கிறதா என்று பாருங்கள். பூஞ்சை பிடித்திருந்தாலும் வெயிலில் காயப் போட வேண்டாம், கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்ட வேண்டாம், நல்ல எண்ணத்தில் யாராவது லேமினேட் செய்யலாம் என்று சொன்னால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். தடித்த புத்தகத்தை ஸ்கேனர் மேல் கவிழ்த்து அழுத்தினால் முதுகு உடைந்துவிடும். மேலிருந்து கேமராவில் எடுப்பதுதான் சரி. அதற்கு ஸ்டாண்டும் இரண்டு விளக்கும் போதும்.

சரி, அந்த மனு ஏன் தள்ளப்பட்டது? அந்த அறவாரியத்தின் உள்விவகாரம் எனக்குத் தெரியாது, ஆனால் அந்த மேசையில் நான் உட்கார்ந்திருந்தாலும் தள்ளியிருப்பேன். கேட்ட இரண்டு லட்சத்தில் ஒன்றரை லட்சம் கிராணி வீட்டைப் பழுது பார்க்க. அந்த வீடு யாருடையது? நிலம் யார் பெயரில்? மனுவில் எங்கேயும் இல்லை. நாளைக்கே நிலத்துக்காரர் இடித்துவிட்டுக் கடை கட்டினால் கொடுத்த பணம் மண்ணோடு போகும். நிலவுரிமையாளரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதலும், இத்தனை வருடத்துக்கு நாங்கள் பயன்படுத்தலாம் என்ற ஒப்பந்தமும் இல்லாமல் ஒரு கட்டடத்துக்குப் பணம் கேட்பது வீண் வேலை. 2005-ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டம் இருக்கிறதே என்று உங்கள் குழுவில் ஒருவர் எழுதியிருக்கிறார். இருக்கிறது, 645-ஆம் சட்டம், 2006 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ளது, அதன் கீழ் மரபுடைமை நிதி ஒன்றும் உண்டு. ஆனால் நிலம் மாநில அரசின் அதிகாரத்தில் வருவதால் ஓர் இடத்தை மரபுடைமைத் தலமாக அறிவிக்க மாநிலத்தின் சம்மதம் வேண்டும், நிலச் சொந்தக்காரருக்கு முன்கூட்டியே அறிவிப்புக் கொடுத்து அவருடைய ஆட்சேபத்தையும் கேட்க வேண்டும். அது நீண்ட பாதை. போக வேண்டாம் என்று சொல்லவில்லை, அதை முதல் படியாக வைக்காதீர்கள். கட்டடத்தைப் படம் எடுத்து, அளவெடுத்து, அதில் வாழ்ந்த குடும்பங்களிடம் பேசிப் பதிவு செய்துவிட்டால், கட்டடம் நின்றாலும் விழுந்தாலும் அந்த வேலை நிற்கும். கிழவர்கள் காத்திருக்க மாட்டார்கள், கட்டடம் இன்னும் இரண்டு வருடம் காத்திருக்கும்.

அதனால் என் யோசனை இதுதான்: காட்சியகத்தை இப்போது விடுங்கள், புத்தகத்தையும் அடுத்த கட்டத்துக்குத் தள்ளுங்கள். முப்பது முதியவர்களின் குரலைப் பதிவு செய்து எழுத்தாக்குவது, செக்ரோல் புத்தகங்களையும் வீடுகளில் இருக்கும் படங்களையும் மின்படியாக்குவது, இந்த இரண்டையும் ஒரு காப்பகத்தில் ஒப்படைப்பது. அவ்வளவுதான் திட்டம், பன்னிரண்டு மாதத்தில் முடிய வேண்டும். இருபத்தைந்தாயிரம் ரிங்கிட்டுக்குள் அடக்கலாம். முன்பின் தெரியாத ஒரு குழுவுக்கு இரண்டு லட்சம் கொடுக்க யாருக்கும் கை வராது, இருபத்தைந்தாயிரத்தைச் சொன்ன தேதியில் முடித்துக் காட்டிய குழுவுக்கு அடுத்த தடவை கதவு தானாகத் திறக்கும்.

பட்ஜெட் பக்கத்தைத்தான் எல்லாரும் கடைசி இரவில் எழுதுகிறார்கள், குழுவினர் அதைத்தான் முதலில் புரட்டுகிறார்கள். உங்கள் பழைய மனுவில் ‘ஆய்வுச் செலவு 20,000’ என்று ஒரே வரி. யாருக்கு, எதற்கு? இப்படி எழுதுங்கள்: முப்பது பேர், ஆளுக்கு ஒன்றரை மணி நேரம், மொத்தம் 45 மணி நேரப் பதிவு. தமிழில், அதுவும் தோட்டத்துப் பேச்சில், இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசுவதையும் சேர்த்து எழுத்தாக்க ஒரு மணி நேரப் பதிவுக்கு ஆறு மணி நேரம் பிடிக்கும். ஆக 270 மணி நேரம். மணிக்கு 15 ரிங்கிட் என்றால் 4,050. இந்தக் கணக்கைப் பார்த்ததும், வேலை தெரிந்தவர்கள் எழுதியது என்று படிப்பவருக்குப் புரிந்துவிடும். எழுத்தாக்குவதற்குப் பணமே ஒதுக்காமல் பதிவு மட்டும் செய்து, கடைசியில் யாரும் கேட்காத கோப்புகளாக ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கும் திட்டங்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. பதிவுக் கருவிக்கும் சட்டையில் குத்தும் இரண்டு மைக்குக்கும் கடையில் கொட்டேஷன் வாங்கி இணையுங்கள். ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்குங்கள், ஒன்று சுங்கை சிப்புட்டில், இன்னொன்று வேறு ஊரில் ஒருவர் வீட்டில். பெட்ரோல், டோல் போடத் தயங்காதீர்கள், ஜொகூர் வரை போய் ஒரு பாட்டியைப் பார்த்துவர உண்மையில் செலவாகும். பேச வரும் பெரியவர்களுக்கு வேட்டி, சேலை, பழத்தட்டு என்று ஒரு சின்ன மரியாதைக்கும் வரி போடுங்கள், அது மறைக்க வேண்டிய செலவு கிடையாது. அப்புறம் உங்கள் பங்கு. குழுவினர் சும்மா செய்யும் வேலை, கோயில் மண்டபத்தை வாடகை இல்லாமல் தருவது, பழைய தோட்டத்து ஆட்கள் ஆளுக்கு ஐம்பது ரிங்கிட் போடுவது, இதையெல்லாம் எண்ணிக்கையாக எழுதுங்கள். ஊர்க்காரர்களே கையைப் போட்டிருக்கிறார்கள் என்பது எந்தச் சிபாரிசுக் கடிதத்தையும்விட எடை உள்ளது.

மனு யார் பெயரில் போகும் என்பதையும் பாருங்கள். புலனக் குழுவுக்கு வங்கிக் கணக்கு கிடையாது. 1966-ஆம் ஆண்டு சங்கங்கள் சட்டத்தின்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம்தான், ஆனால் புதுச் சங்கத்துக்குத் தணிக்கை செய்த கணக்கு ஏது, பழைய வேலை ஏது? முதல் மானியத்துக்கு, ஏற்கெனவே ஆர்.ஓ.எஸ் என்ற சங்கப் பதிவிலாகாவில் பதிவாகி, ஆண்டுக் கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் ஆண்டறிக்கை அனுப்பிவரும் ஒரு சங்கத்தோடு சேருங்கள். முன்னாள் மாணவர் சங்கம், வாசகர் வட்டம், கோயில் நிர்வாகம், எது ஒழுங்காகக் கணக்கு வைத்திருக்கிறதோ அது. தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் பெயரில் செய்யலாம் என்று நினைப்பீர்கள், அது ஆர்.ஓ.எஸ்-இன் கீழ் வருவதில்லை, கல்வி இலாகாவின் விதியில் வருகிறது, அதனால் பல அறவாரியங்களின் விண்ணப்பப் படிவத்தில் பொருந்தாது. சேருகிற சங்கத்தோடு, பணம் தனிக் கணக்கில் இருக்கும், பதிவுகளின் உரிமை யாருக்கு, செலவுக்கு யார் யார் கையெழுத்து என்று ஒரு பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இதை எழுதாமல் உறவு முறிந்து, பதிவுகள் யாரோ ஒருவர் மடிக்கணினியில் சிறைபட்டுப் போன கதை நம்மிடையே உண்டு.

இப்போது மித்ரா. முன்பு செடிக் என்ற பெயரில் இருந்து 2018-இல் மித்ரா ஆனது, குறைந்த வருமான இந்தியக் குடும்பங்களின் கல்வி, தொழில், வாழ்க்கைத் தரம் ஆகியவைதான் அதன் முக்கியமான வேலை. தோட்ட வரலாறு நேராக அதற்குள் வராது. சிலர் இதை ‘இளைஞர் திறன் பயிற்சி’ என்று சட்டை மாற்றி அனுப்பச் சொல்வார்கள். வேண்டாம். பயிற்சியின் பெயரில் பணம் வாங்கினால் பயிற்சிக்குத்தான் கணக்குக் காட்ட வேண்டும், உங்கள் பெரியவர்களின் குரல் பிற்சேர்க்கையாகிவிடும். உண்மையிலேயே தாமான் பிள்ளைகளுக்குப் பதிவு செய்யவும் எழுத்தாக்கவும் சொல்லிக்கொடுத்து வேலையும் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் அது வேறு, அப்போது அதன் அறிவிப்பைப் பார்த்துத் தாராளமாகக் கேளுங்கள்.

அரசு முதலீட்டு நிறுவனமான கசானாவின் அறவாரியம் யாயாசான் ஹசானா கலை, மரபு, பொது இடம் ஆகிய துறைகளில் பணம் தந்துவருகிறது, ஆனால் கணக்கு வழக்கில் பழகிய அமைப்புகளுக்குத்தான் அது சரிப்படும், உங்கள் இரண்டாவது கட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். திங்க் சிட்டியைப் பலர் சொல்வார்கள். ஜார்ஜ்டவுன் 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு, 2009-இல் இரண்டு கோடி ரிங்கிட் மானியத் திட்டத்தோடு அங்கே தொடங்கிய நிறுவனம் அது, நகர மையங்களைச் சுற்றித்தான் அதன் வேலை, தோட்டப்புறத்துக்கு எட்டுவது கடினம். செண்டானா கலைஞர்களுக்கு உதவும் அமைப்பு. உங்கள் பதிவுகளிலிருந்து ஒரு நாடகமோ கண்காட்சியோ செய்ய விரும்பும் இளைஞர் இருந்தால் அவர் பெயரில் தனியாகக் கேட்கலாம்.

செக்ரோல் புத்தகங்களுக்கு மட்டும் இன்னொரு வழி இருக்கிறது. லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் ‘அழியும் நிலையில் உள்ள ஆவணங்கள்’ திட்டம் 2004 முதல் நடக்கிறது, சென்னை ரோஜா முத்தையா நூலகமும் அதன் உதவியில் மின்படியாக்கம் செய்திருக்கிறது. அவர்கள் ஒரு விஷயத்தில் உறுதியாக இருக்கிறார்கள்: மூலப்பிரதி நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது. ஆனால் அவர்கள் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முந்தைய ஆவணங்களைத்தான் எடுப்பார்கள். உங்கள் புத்தகங்கள் ஐம்பது, அறுபதுகளைச் சேர்ந்தவை என்றால், அமெரிக்காவில் யூ.சி.எல்.ஏ. நூலகம் நடத்தும் இதே போன்ற திட்டம் இருபதாம் நூற்றாண்டு ஆவணங்களை ஏற்கிறது. அதனால் முதல் வேலையாக ஒவ்வொரு புத்தகத்தின் ஆண்டையும் எழுதிப் பட்டியல் போடுங்கள். இரண்டுக்கும் ஆங்கிலத்தில் மனு, உலகம் முழுவதும் போட்டி, ஒரு பல்கலைக்கழகமோ நூலகமோ துணைக்கு வேண்டும். மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையில் போய்ப் பேசுங்கள், படத்தையும் கொண்டுபோங்கள். உள்நாட்டில் தேசிய ஆவணக் காப்பகமான ஆர்கிப் நெகாரா தனியார் ஆவணங்களைப் பெற்றுப் பாதுகாக்கிறது, வாய்மொழி வரலாற்றையும் சேகரிக்கிறது. பணம் தராவிட்டாலும், ‘முடிந்ததும் பிரதியை ஏற்றுக்கொள்கிறோம்’ என்று அங்கிருந்து ஒரு கடிதம் வந்தால் போதும், ‘மானியம் முடிந்த பிறகு இதை யார் பாதுகாப்பது?’ என்ற கேள்வி அங்கேயே தீர்ந்துவிடும்.

இதற்கெல்லாம் காத்திருக்காமல் கையிலுள்ள கைப்பேசியிலேயே வயதில் மூத்த நான்கைந்து பேரை இந்த மாதமே பதிவு செய்யுங்கள். தொலைக்காட்சியையும் மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, மேசையில் கைப்பேசியை வைத்து, முதலில் பெயர், பிறந்த ஆண்டு, எந்த லயம் என்று சொல்லச் சொல்லுங்கள். ‘அந்தக் காலம் எப்படி இருந்தது?’ என்று கேட்டால் ‘கஷ்டம்தான்மா’ என்று முடித்துவிடுவார்கள். ‘காலையில் பெரட்டு முடிந்து நிரைக்கு (மர வரிசைக்கு) போய் முதல் மங்கு, அதாவது பால் வடியும் கிண்ணம், கழுவி வைத்தது முதல் ஸ்டோரில் பாலை எடை போட்டது வரை சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். ஆயாக் கொட்டகையில் பிள்ளையை விட்டது, பால் சுமக்கும் காண்டா வாளி தோளை அறுத்தது, எடையில் ஏமாற்றியது எல்லாம் தானாக வரும். சாதி, கள், குடும்பச் சண்டை என்று வெளியே தெரியக் கூடாததும் வரும். அதனால் தமிழில் ஓர் ஒப்புதல் தாள் தயார் செய்து, எதை வெளியிடலாம், எதைக் காப்பகத்தில் மட்டும் வைக்கலாம், எதை அழித்துவிட வேண்டும் என்று அவர்களிடமே கேட்டுக் குறித்துக் கையெழுத்து வாங்குங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டி, அந்த ஒப்புதலையும் குரலிலேயே பதிந்துகொள்ளுங்கள். அதே தாளை மலாயிலும் ஒரு பிரதி வைத்திருங்கள், மனுவோடு இணைக்க வேண்டியிருக்கும்.

மனுவை முதலில் தமிழில் எழுதுங்கள், பிறகு மலாய்க்கு மாற்றுங்கள். நேராக மலாயில் உட்கார்ந்தால் ‘சமூக ஒற்றுமையை மேம்படுத்தி’ என்று அலுவலக வாக்கியங்கள்தான் கையில் வரும். இந்த முதல் நான்கைந்து பேரின் பேச்சிலிருந்து இரண்டு வரியை, அவர்கள் சம்மதத்தோடு, மனுவின் முதல் பக்கத்தில் அப்படியே போடுங்கள். செக்ரோல் பட்டியலும் பட்ஜெட் பக்கமும் தயாரானதும் எனக்கு அனுப்பி வையுங்கள், மற்ற பக்கங்கள் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.